படகுக்கு அடியில் படி எதற்கு?

என் மனைவி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். வாரம் ஐந்து நாள் நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஓட்டி ஓட்டி வெறுத்துப்போய், வேகப் படகு ஒன்று வாங்கியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நான் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். நீச்சல் தெரியாது, தண்ணீர் என்றாலே பயம். ஆனால் அந்தப் படகில் எங்கள் எட்டு வயது மகளும் உட்காரப் போகிறாள். எனக்குத் திருப்தியாகாத படகில் அவள் கால் வைக்க மாட்டாள் என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

படகுக் கடைக்கு வருகிறவர்கள் என்ஜினைத்தான் சுற்றிச் சுற்றி வருவார்களாம். நான் தரையில் மண்டிபோட்டு அடிப்பக்கத்தைப் பார்த்தேன்.

"செருப்பத் தொலைச்சவர் மாதிரி என்னங்க தேடுறீங்க?" என்றாள் மனைவி.

அங்கே இரண்டு படகுகள், ஒன்று நீலம், ஒன்று வெள்ளை. இரண்டுக்கும் அடிப்பக்கம் நடுவில் கூர்மையாக இறங்கியிருந்தது.

"அலைய வெட்டிக்கிட்டுப் போகும் சார்," என்றார் கடைக்காரர். "தட்டையா இருந்தா ஒவ்வொரு அலைக்கும் இடுப்பு ஒடியும்."

விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். சரியாக ஒட்டாத டைல்ஸ் போல எங்கேயும் பொள்ளென்று ஒலிக்கவில்லை. ஆனால் நீலத்தின் அடியில் மட்டும் குறுக்கே இரண்டு படிகள் இருந்தன.

"படகுக்கு அடியில படி எதுக்கு?"

"அது வழியா காத்து உள்ள போகும் சார். படகு தண்ணில ஒட்டாது, ஸ்பீடு கூடும்."

"ஒட்டலேன்னா, திருப்புறப்ப எதப் பிடிச்சுக்கும்?"

"அதெல்லாம் பழகினா சரியாயிடும்," என்று மழுப்பினார். மனைவியின் கண் அதற்குள் நீலத்தின் மேல் விழுந்துவிட்டது.

ஓட்டிப் பார்க்க நீலத்தைத் தண்ணீரில் இறக்கினார்கள். கடைக்காரரும் நாங்கள் இருவரும் ஏறி லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டோம். ஸ்டீயரிங் பக்கத்திலிருந்து சுருள் கயிறு ஒன்று தொங்கியது, நுனியில் கொக்கி. பயந்தவனுக்கு ஒரு பிடிமானம் போலிருக்கிறது என்று எடுத்து என் ஜாக்கெட்டில் மாட்டிக்கொண்டேன். அத்தனை கேள்வி கேட்டவன் இதை மட்டும் கேட்கவில்லை. கடைக்காரரும் கவனிக்கவில்லை.

மனைவி படகை விரட்டினாள். இடப்பக்கம் அவள் திருப்பியபோது நான் பயந்துபோய் இருக்கையின் மறுகோடிக்கு நகர்ந்தேன். கயிறு பிடுங்கிக்கொண்டது. என்ஜின் பட்டென்று நின்றது. படகின் பின்பக்கம் வீசிக்கொண்டு அரைவட்டம் சுழன்றது. கடைக்காரர் என் மடியில் வந்து விழுந்தார். மனைவியின் முழங்கை முன்கண்ணாடியில் இடித்தது.

"அது ஓட்டுறவங்க மாட்டிக்கணும் சார்!" என்றார் கடைக்காரர் எழுந்துகொண்டே. "அவங்க வெளிய விழுந்தா என்ஜின் தானா நிக்கணும். இல்லேன்னா அதே படகு சுத்தி வந்து அவங்களையே அடிச்சிடும்."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "என்ஜின் நின்னதுக்கு ஏன் இப்படிச் சுத்துச்சு?"

"திருப்பத்துல வேகம் சட்டுனு போனா, படி வச்ச படகு சில சமயம் பிடிய விட்டுடும்," என்று இழுத்தார்.

மனைவி முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள். "நான் ஒழுங்காத்தான் ஓட்டினேன். நீங்க செஞ்ச கூத்துக்குப் படகு என்ன பண்ணும்? எனக்கு இதுதான் வேணும்."

ஒப்புக்காவது வெள்ளையையும் ஓட்டிப் பார் என்று கெஞ்சினேன். இந்தத் தடவை கொக்கியை அவளே தன் தொடையில் மாட்டிக்கொண்டாள். அதே வேகம், அதே திருப்பம். இதுவும் அப்படிச் சுற்றுமா என்று எனக்குத் தெரிந்தே ஆகவேண்டும் போலிருந்தது. குனிந்து கயிற்றின் மறுமுனையைப் பிடுங்கினேன்.

வெள்ளைப் படகு மூக்கைத் தாழ்த்தியது, கொஞ்ச தூரம் வழுக்கியது, அப்படியே நின்றுவிட்டது. யாரும் யார் மடியிலும் விழவில்லை.

"பைத்தியமா உங்களுக்கு?" மனைவி கத்தினாள். "பிடுங்கப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?"

பிடுங்கிய கயிற்றைக் கையில் வைத்தபடியே சொன்னேன். "நீ தண்ணில விழறப்ப பாப்பாகிட்ட சொல்லிட்டா விழுவே? நான் வர மாட்டேன், அந்த நேரத்துல படகுல அவ மட்டும்தான் இருப்பா."

அவள் என் கையிலிருந்து கயிற்றை வாங்கி அதன் இடத்தில் திரும்ப மாட்டினாள். பிறகு கடைக்காரரிடம் திரும்பினாள்.

"இதே படகு நீலக் கலர்ல கிடைக்குமா?"