வாயால் சொன்னால்தான் கல்யாணம்

"தலையாட்டுனா செல்லாதும்மா, வாயால சொல்லணும்" என்று பங்குச் சாமியார் சொன்ன நாளிலிருந்து ரீட்டாவுக்குச் சோறு இறங்கவில்லை. மற்ற வீட்டுக் கல்யாணங்களில் பெண் குனிந்த தலை நிமிராமல் இருந்தாலே பாதிப் பாராட்டு கிடைத்துவிடும். மாதா கோயிலில் அந்தச் சலுகை கிடையாது. மைக்கைப் பிடித்து, ஊரே பார்க்க, இவரைக் கணவராக ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் கல்யாணமே இல்லை.

நாலு பேர் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறவள் அவள். நிச்சயதார்த்தத்தில் சம்மதம் கேட்டபோது எதையோ முணுமுணுத்தாள். மாப்பிள்ளை ஆண்ட்ரூஸின் அம்மா பிலோமினா முகத்தைச் சுளித்தார். 'என்னைப் பிடிக்கவில்லை' என்று ரீட்டா முடிவுகட்டிவிட்டாள். அன்றிலிருந்து கண்ணை மூடினால் அந்தச் சுளிப்புதான்.

வீட்டுக்குத் தெரியாமல் அன்னவாசலில் பஸ் ஏறி, திருக்கோகர்ணத்தில் மனநல ஆலோசகர் சிவரஞ்சனியைப் பார்க்கப் போனாள். அவர் கம்ப்யூட்டரில் முகங்களைக் காட்டினார். பதினைந்து முகங்கள் சிரித்தாலும் ரீட்டாவின் பாழாய்ப்போன கண், முறைக்கிற ஒன்றில்தான் போய் விழுந்தது.

"மூளைக்குள்ள பாதாம்பருப்பு அளவுக்கு ஒரு எடம் இருக்குங்க. ஒங்களுக்கு அது தொட்டதுக்கெல்லாம் மணி அடிக்குது. சிகிச்சையில அது அடங்குறத ஸ்கேன் எடுத்தே பாத்திருக்காங்க" என்றார் சிவரஞ்சனி.

"அந்த மொகத்தைப் பாக்காம இருந்துட்டா சரியாப்போயிடுங்களா?"

"அது மட்டும் கூடாது. கை நடுங்குதா, கொரல் ஒடையுதான்னு ஒங்களையே பாத்துக்கிட்டு இருக்காதீங்க. பயமுறுத்துற மொகத்தையே பாருங்க. அவங்க உண்மையில என்ன செய்யிறாங்கன்னு பாருங்க."

பத்து வாரம் பழகினாள். அன்னவாசல் பஸ் ஸ்டாண்டிலேயே நின்று, "அன்னவாசலுக்கு எந்த பஸ்ங்க?" என்று சத்தமாகக் கேட்டுவரச் சொன்னார் சிவரஞ்சனி. கேட்டாள். கண்டக்டர் சிரித்தார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

ஆனால் பஸ் ஸ்டாண்ட் வேறு, பீடத்தின் முன் நிற்பது வேறு. கல்யாணத்தன்று ஆண்ட்ரூஸ் தெளிவாகச் சொல்லிவிட்டு மைக்கை நீட்டியபோது ரீட்டாவின் முதுகில் வேர்வை ஓடியது. விரல்கள் வழுக்கின. ஒரே மூச்சில் முழுவதையும் சொல்லி முடித்தாள்.

கோயிலில் ஒரு சத்தமும் இல்லை. முதல் வரிசையில் பிலோமினாவின் அதே சுளிப்பு.

நெஞ்சுக்குள் மணி அடித்தது. பக்கத்துக் கதவு திறந்துதான் இருந்தது, ஓடிவிடலாம். ஓடாமல் அந்த முகத்தையே பார்த்தாள். நெற்றி சுருங்கியிருந்தது. கண் இடுங்கியிருந்தது. வலது கை காதுமடலைப் பிடித்து முன்னால் வளைத்திருந்தது.

குனிந்து பார்த்தாள். வழுக்கிய விரல் மைக்கின் சுவிட்சை அணைத்திருந்தது.

"யாருக்கும் கேக்கலம்மா, இன்னொரு தடவை சொல்லணும்" என்றார் சாமியார்.

இன்னொரு தடவையா! மைக்கை ஆண்ட்ரூஸின் கையில் திணித்துவிட்டு, காதுக்குப் பின்னால் இருந்த அந்தக் கையைப் பார்த்தபடியே, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி கத்திச் சொன்னாள். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. உடையட்டும் என்று விட்டுவிட்டாள்.

பிலோமினா காதிலிருந்து கையை எடுத்தார். பக்கத்தில் இருந்தவளிடம், காது மந்தமானவர்கள் பேசுகிற சத்தத்தில், கோயில் முழுக்கக் கேட்கச் சொன்னார்:

"நிச்சயத்தன்னிக்கு ஒண்ணுமே கேக்கலடி. இந்தப் புள்ளைக்கு எம்மகனப் பிடிக்கலையோன்னு நான் இத்தன நாளாப் பயந்துக்கிட்டுக் கெடந்தேன்."