காதைப் பொத்தினால் காரை ஓட்ட முடியாது

டாக்ஸி அக்காவின் முதல் கார் களவு போன அன்று சைரன் கத்து கத்தென்று கத்தியது. தெருவில் ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை. பூனை ஏறினாலும் கத்துகிற சாமானை யார் மதிப்பார்கள்? இப்போது ஓட்டுவது இரண்டாவது கார். இதுவும் போனால் அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

ஸ்பீக்கர் ரிப்பேர் பார்க்கும் அவள் தம்பிதான் யோசனை சொன்னான். "சைரன் எல்லார் காதுக்கும் பழகிப்போச்சுக்கா. பழகவே முடியாத சத்தமா வைப்போம்." இரும்பு பீரோவைத் தரதரவென்று இழுக்கிற சத்தம், எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் சுரண்டுகிற சத்தம், இரண்டையும் கலந்து சீட்டுக்கடியில் மாட்டினான். "காதைப் பொத்தினா ஸ்டீயரிங்கைப் பிடிக்க முடியாது. ஸ்டீயரிங்கைப் பிடிச்சா காதைப் பொத்த முடியாது. திருடன் என்ன பண்ணுவான், சொல்லு?"

எல்லாம் சரிதான். ஆனால் அந்த மகராசன் சத்தத்தைக் கண்டபடி கூட்டிவைத்துவிட்டான். ஒரு பந்து பட்டாலும் அது அலற, தெருவே பல்லைக் கடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தது. முதலில் வருகிறவர் எதிர்வீட்டுப் பல் டாக்டர். ஊரார் பல்லையெல்லாம் குடைகிறவருக்கே பல் கூசியதாம்!

"ஞாயித்துக்கிழமைக்குள்ள கழட்டிடும்மா. இல்லேன்னா வண்டியை வேற தெருவுல நிறுத்திக்கோ" என்று தெருவின் சார்பில் கறாராகச் சொல்லிவிட்டார். வேறு தெருவில் நிறுத்தினால் கார் தங்குமா? கழற்றினால் மட்டும் தங்குமா? அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. வேறு வழியில்லாமல் தம்பியை வரச்சொன்னாள்.

ஞாயிறு மதியம் அவனுக்காக வாசலில் காத்திருந்தவள், முகம் கழுவ உள்ளே போனாள். அந்த நேரம் பார்த்து பீரோவும் தட்டும் சேர்ந்து அலறின.

"இன்னிக்கு விடறதில்ல!" பல் டாக்டர் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்தார். பின்னால் தெருவே திரண்டு வந்தது. கார்க் கதவைப் படாரென்று திறந்து, "எத்தனை தடவைம்மா சொல்றது?" என்று கத்தினார்.

உள்ளே அக்கா இல்லை. முன்பின் தெரியாத ஓர் ஆள் சீட்டுக்கடியில் தலையை விட்டு ஒயரைத் தேடிக்கொண்டிருந்தான். கூட்டத்தைப் பார்த்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். "போலீஸைக் கூப்பிடுங்க சார், வேணாங்கல. முதல்ல இதை நிறுத்தச் சொல்லுங்க!"

அக்கா ஈர முகத்தோடு ஓடிவந்து நிறுத்தினாள். பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை வீட்டு ஆட்களும் அவள் காரைச் சுற்றி நின்றார்கள்.

"திட்டறதுக்காவது வந்தீங்களே" என்றவள், பொலபொலவென்று அழுதுவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

அப்போதுதான் தம்பி ஸ்க்ரூ டிரைவரோடு வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தான். "மன்னிச்சுக்கோங்க சார், கொஞ்சம் வழி விடுங்க. இதோ கழட்டிடறேன்."

"பந்து பட்டா கத்தாம பண்ணுப்பா, அது போதும். கழட்டுற பேச்சே கூடாது" என்ற பல் டாக்டர், அந்த ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.