மூடல் சுவர்

1

இந்தக் கதை என் முதுகின் வேர்க்குருவில் தொடங்கியது. ஓசூரில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. கட்டியவரைத் திட்டிக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இரண்டாம் வரியிலேயே தைரியம் போய்விட்டது, கோபம் மட்டும் மிச்சம். அதை வீணாக்காமல் 1955-க்குக் கொண்டுபோய் மாதம்மாள் என்று ஒருத்தியிடம் கொடுக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "சீமையில் படித்துத் திரும்பிய என்ஜினியர் சென்னகிருஷ்ணன், நம் வெயிலுக்கேற்ற நவீன வீடு ஒன்றை—"

வேண்டாம். இவரை உள்ளே விட்டால் நாலு பக்கம் சொற்பொழிவு ஆற்றுவார். அவரைத் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவாக்கி மாதம்மாளுக்குக் கட்டிவைத்துவிட்டேன். வீட்டை அவள் வரைவாள்.

2

ஏன் வரைகிறாள்? கிருஷ்ணகிரியில் அவர்களுடைய வாடகை வீட்டுக்குத் தகரக் கூரை, மேற்கே பார்த்த ஒரே அறை. போன சித்திரையில் அங்கே பிறந்த பெண் குழந்தை பதினொரு நாள்தான் இருந்தது. (வெக்கையால் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. மாதம்மாள் சொன்னாள். நான் அவள் பக்கம்.) இப்போது மறுபடி நாலாம் மாதம். பங்குனிக் கடைசியில் பிரசவம். தாய்வீட்டுக்கு அனுப்பலாமே என்பீர்கள். அம்மா இல்லை, ஊத்தங்கரையில் அண்ணன் வீடும் தகரம்தான்.

ஒவ்வொரு மணிக்கும் வெயில் விழும் இடத்தைத் தரையில் சாக்கட்டியால் கோடிட்டுப் பார்த்தாள். பிறகு வரைந்தாள். மேற்கே ஜன்னலே இல்லாத ஒன்றரை அடிச் சுவர். கிழக்கே வாசல், நாலு பெரிய ஜன்னல். உச்சியில் சூடு வெளியேறத் துவாரங்கள். அவர்கள் வாங்கிப் போட்டிருந்த மனைக்கு மேற்கே ரோடு.

"ரோட்டுக்கு முதுகு காட்டற வீடா? ஊர் சிரிக்கும்," என்றான் சென்னகிருஷ்ணன்.

"ஊரா வந்து புள்ள பெறப்போவுது?"

அவன் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டான்.

3

தவறு அந்தக் காகிதத்தில் இருந்தது. மேற்குச் சுவரின் மேல் "மூடல் சுவர்" என்று எழுதியவள், எது எந்தத் திசை என்று எங்கும் குறிக்கவில்லை. மருத்துவச்சி அலையக் கூடாது என்றதால் மனைக்கும் போகவில்லை. கொத்தனார் ராமப்பன் ஓசூருக்கு அப்பால் எல்லையோரத்து ஆள், வீட்டில் கன்னடம். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பார். கன்னடத்தில் மூடல் என்றால் கிழக்கு.

ஏழாம் மாதம், கூரை போடுமுன் பார்த்துவிடலாம் என்று வந்தாள். மணி நாலு. பிரசவ அறையில் நின்றவளின் முகத்தில் நாலு ஜன்னல் வெயிலும் அடித்தது.

"ராமப்பண்ணே, இந்தச் சுவர மூடணும்னு எழுதியிருந்தேனே."

"மூடல்னா சூரியன் மொளைக்கற திக்கும்மா. எங்க வூட்டுல சின்னப் புள்ளைக்கும் தெரியும். அதான் காயிதத்தத் திருப்பிப் புடிச்சேன். ஜன்னலும் ரோட்டப் பாத்தாப்ல வந்துச்சு. அய்யாவே நல்லாருக்குதுன்னாரு."

கூட வந்திருந்த அய்யா வேறு எங்கோ பார்த்தார்.

4

[இங்கே ஒரு முடிவு எழுதி அடித்துவிட்டேன். ஜன்னல்களில் வெட்டிவேர்த் தட்டி தொங்குகிறது, எல்லோரும் சமாதானம். எழுதி முடித்து நிமிர்ந்தபோது என் வீட்டிலும் மணி நாலு. எனக்கும் திரைச்சீலை இருக்கிறது, இரண்டு அடுக்கு. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.]

5

ஆனாலும் சென்னகிருஷ்ணன் அதையேதான் சொன்னான்.

"தட்டி கட்டிக்கலாம். அப்பப்ப தண்ணி தெளிச்சா—"

"யாரு தெளிக்கறது? பெத்துப் போட்டுட்டு நானே எந்திரிச்சுத் தெளிக்கணுமா? அந்தப் பக்கத்த இடிங்க. இத அடைங்க."

"கட்டுன கையால நானே இடிக்கறதாம்மா?" என்றார் ராமப்பன். அவருக்கு உண்மையிலேயே வலித்தது.

"தப்பு என்னுதுண்ணே. மேக்குன்னு எழுதியிருக்கணும், எழுதல. மொதக் கல்ல நானே பேக்கறேன். கடப்பாறையக் குடுங்க."

கையை நீட்டியபடியே நின்றாள். அவள் விளையாடவில்லை என்று ராமப்பனுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று.

"ஏழு மாசத்துல கடப்பாறையா? தள்ளி நில்லும்மா."

கிழக்குச் சுவரில் முதல் அடி விழுந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பெயர்த்த செங்கல்லை வைத்தே மேற்கு வாசலையும் ஜன்னல்களையும் அடைத்தார்கள். இருபத்திரண்டு நாள். நடுவில் ராமப்பனுக்குக் காய்ச்சல் வரவைத்துக் கதையை இழுக்கலாமென்று ஒரு யோசனை வந்தது. மாதம்மாள் முறைத்தாள், விட்டுவிட்டேன்.

6

குழந்தைக்கு இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்று உங்களை அழவைக்கும். அந்த வகை எனக்கு நன்றாகவே வரும். இரண்டையும் கிழித்துவிட்டேன். பங்குனி இருபத்தெட்டில் பெண் பிறந்தது. பிழைத்ததா என்று யாரும் என்னிடம் கேட்கக் கூடாது. சுவரையே இடிக்கவைத்தவளின் குழந்தையைப் பற்றி அப்படிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, உங்களுக்கும் வர வேண்டாம்.

எனக்கு முட்டுவது வேறு இடத்தில். தொட்டில் கட்டியாயிற்று. சர்க்கரைத் தண்ணீர் தயார். மாமியார் வெங்கடம்மாள் தன் பெயரையே வைக்கச் சொல்கிறார், மாதம்மாளுக்கு அதில் இஷ்டமில்லை. நான் யோசித்த பெயர் ஒன்றும் அவளுக்குப் பிடிக்கவில்லை. எல்லோரும் நிற்கிறார்கள்.

நீங்கள் ஒரு பெயர் சொல்லுங்கள்.