கோல்கீப்பர் பேசிய அரை வாக்கியம்

1

பல் வைத்தியரிடம் முறைக்காகக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலிப் பெண் சொன்ன கதை இது. எனக்குக் கன்னம் வீங்கியிருந்தது. குறுக்கே பேசமாட்டேன் என்ற தைரியத்தில்தான் முழுவதையும் சொன்னாள் போலிருக்கிறது. அவள் ஒரு மாலைப் பத்திரிகையில் துணையாசிரியை.

அதை இப்படி எழுதத் தொடங்கினேன்: ‘போதை என்னும் அரக்கன் இளைய சமுதாயத்தைக் கவ்விப்—’

போதும். இது அவளுடைய ஆசிரியரின் தலையங்கம். மறுபடி தொடங்குகிறேன்.

2

ஊரில் மாலைப் பத்திரிகை ஒன்று, பண்பலை வானொலி ஒன்று, கேபிள் சேனல் ஒன்று. மூன்றுக்கும் ஏழாம் பொருத்தம். இளைஞர்களைக் குடியிலிருந்தும் போதை மாத்திரையிலிருந்தும் காப்பாற்ற மூன்றும் திடீரென்று ஒரு கூட்டமைப்பாகக் கைகோர்த்தன. முதல் கூட்டத்தில் குடியைப் பற்றிப் பேச்சே எழவில்லை. யாருடைய சின்னம் நடுவில் வரும் என்பதிலேயே பொழுது சாய்ந்தது. கடைசியில் மூன்றையும் வட்டமாக வைத்து நடுவில் ஒரு புறாவைப் போட்டார்கள். குடிப்பழக்கத்துக்கும் புறாவுக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை. சம்பளம் வாங்குகிறவள்.

[கூட்டம் முடிந்ததும் மூன்று முதலாளிகளும் கோப்பையை உயர்த்தி வாழ்த்திக்கொண்டார்கள் என்று எழுதி, மலிவான நையாண்டி என்று அடித்துவிட்டேன். நடந்தது என்னவோ அதுதான்.]

“மீண்டு வந்த பையன் ஒருத்தன் வேணும்மா,” என்றார் ஆசிரியர். “நல்லா பேசணும். லேசா அழணும்.”

“என் தம்பி இருக்கான் சார்,” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

3

அந்தத் தம்பிதான் என் எழுத்துக்கு மடங்கவில்லை. ஒட்டிய கன்னம், நடுங்கும் விரல் என்று எழுதிப் பார்த்தேன். அவள் சொன்ன தம்பியோ ஓங்குதாங்கான ஆள், பள்ளிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். அக்காவைக் கிண்டல் பண்ணாமல் அவனுக்குச் சோறு இறங்காது. குடியால் படிப்பு போனது, பிறகு கிடைத்த வேலையும் போனது. சிகிச்சை முடிந்து வந்து சில மாதங்களாகத் தொடவில்லை. பொழுது சாயும் நேரத்தில் மட்டும் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்திருப்பான். அந்த நேரம் கடந்துவிட்டால் பிழைத்தான்.

ஒத்திகையில் வானொலித் தொகுப்பாளினி பாடம் நடத்தினாள். “‘அந்தப் பாழாப்போன நாள்ல’ன்னு சொல்லிட்டு ஒரு நிறுத்து நிறுத்துங்க. அங்க நான் வயலின் விடுறேன்.”

“முகத்தை இருட்டாக்கிடலாம்,” என்றார் கேபிள் கேமராக்காரர்.

“ஏன், என் முகத்துக்கு என்ன கேடு?”

“இருட்டுலதான் தம்பி சோகம் எடுபடும்.”

வீட்டுக்கு வந்து சொன்னான்: “நான் திருந்துனது இவங்களுக்குப் பத்தாதுக்கா. செத்திருந்தா இன்னும் நல்லா எடுபட்டிருக்கும்.”

“வாயைக் கழுவுடா,” என்றாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

4

வானொலியிலும் சேனலிலும் ஒரே சமயத்தில் நேரலை. மறுநாள் பத்திரிகையில் முழுப்பக்கம் என்று ஏற்பாடு. முதலாளிகள் மூவரும் முன்வரிசையில்.

“முதல் தடவை எப்படி?” குரலில் தேன் வழியக் கேட்டாள் தொகுப்பாளினி. “கெட்ட சகவாசமா?”

“இல்லைங்க. நாங்க கோப்பை ஜெயிச்ச அன்னைக்கு, ‘ஆம்பளைப் பசங்கதானடா நீங்க, குடிங்கடா’ன்னு பெட்டியோட கொண்டாந்து எறக்குனது, இதோ உக்காந்திருக்காரே, நம்ம கேபிள்—” *

வயலின் வந்துவிட்டது. திரையில் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’. மேலே புறா.

* அப்போது அவனுக்குப் பள்ளிப்படிப்பே முடியவில்லை. வெற்றிக் கோப்பையைக் கொடுத்தவரும் கேபிள் முதலாளிதான். ஒரே கையால் இரண்டு கோப்பை.

5

வானொலி அறுத்ததை அவள் பத்திரிகைக்கு முழுசாக எழுதிக் கொடுத்தாள். ஆசிரியர் அந்தப் பத்தியை மட்டும் எடுத்துவிட்டார்.

“அவன் சொன்னது பொய்யா சார்?”

“பொய்யின்னு யாரும்மா சொன்னா? இடமில்லைன்னுதான் சொன்னேன்.”

அந்த இடத்தில் மூன்று முதலாளிகளும் கைகோர்த்து நிற்கும் படம் வந்தது.

இங்கே அவளை மேசையில் ஓங்கி அடிக்கவைத்தேன். ராஜினாமாக் கடிதத்தை அவர் முகத்தில் எறிய—

இல்லை. அவள் அப்படியெல்லாம் செய்யவில்லை. “அப்ப என் பேரை எடுத்துருங்க சார்,” என்றாள். அவரும் மகிழ்ச்சியாக எடுத்துவிட்டார். இன்னும் கொஞ்சம் இடம் கிடைத்தது.

6

மறுநாள் மாலை தம்பியை ஸ்கூட்டரில் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்தாள். முகத்தை இருட்டாக்கிய படத்தோடு பத்திரிகை அவன் மடியில் இருந்தது.

“என்னை வெட்டிட்டு என் நிழலைப் போட்டிருக்காங்க,” என்றான். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான்.

சாலை பிரிகிற இடத்தில் இடப்பக்கம் மதுக்கடை. வலப்பக்கம் பாலத்துச் சுவரில் அவனுடைய பழைய அணிக்காரர்கள் மூன்று பேர். நேரலையில் அறுந்த அரை வாக்கியத்தை அவர்களும் கேட்டிருந்தார்கள்.

“டேய் கீப்பர்!” என்று ஒருவன் எழுந்தான். “மீதிய நாங்களும் சேர்ந்து சொல்றோம்டா!”

“நிறுத்துக்கா,” என்றான் தம்பி.

நிறுத்தினாள். இறங்கினான்.

7

கூட்டமைப்பு எழுதினால் வலப்பக்கம் போவான், வயலினோடு. என் நண்பரான விமர்சகர், இடப்பக்கம் போனால்தான் யதார்த்தம் என்கிறார். எந்தப் பக்கம் போனான் என்று அவள் என்னிடம் சொன்னாள். நான் சொல்லமாட்டேன். சொன்னால் அவனை மெச்சிவிட்டோ ‘உருப்படாதவன்’ என்று திட்டிவிட்டோ பக்கத்தை மூடிவிடுவீர்கள். பெட்டியை இறக்கியவரை ஒருவரும் கேட்கமாட்டீர்கள்.

இந்த ஆண்டுப் பள்ளிக் கால்பந்துப் போட்டிக்கும் அவர்தான் தலைவர். ஞாயிற்றுக்கிழமை பரிசளிப்பு. முடிவை அங்கே போய் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பையனும் ஆடுகிறானாமே.