மூன்றாம் கதவுக்கு எத்தனை மதிப்பெண்

1.

இந்தக் கதை ஒரு காலிக் கட்டத்தில் பிறந்தது. படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டவள் நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். [மறந்து விட்டேனா, தெரிந்தே விட்டேனா என்பதை ஐந்தாம் பகுதியில் பார்க்கலாம். ஐந்தாம் பகுதி வரை எழுதினால்.]

செவ்வாய்க்கிழமைகளில் மாலை வகுப்புக்குப் போய் எழுதக் கற்றுக்கொள்கிறேன். ஆசிரியர் ப்ரோன்னர் எல்லோரையும் தினமும் நாட்குறிப்பு எழுதச் சொன்னார். மற்றவர்கள் மூன்று வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். நான் பத்து மாதமாக எழுதுகிறேன். தேதி, வானிலை, மதியச் சாப்பாடு, நடந்தது, நடந்ததைப் பற்றிய சந்தேகம் என்று ஐந்து தலைப்புகள். ஐந்தாவதற்குத்தான் இடம் போதுவதில்லை. அந்தக் குறிப்புகளிலிருந்து ஒரு கதை செய்யச் சொல்கிறார் ப்ரோன்னர். "உன் வேலையப் பத்தியே எழுது மரைக்கே. கார் கம்பெனியில இருந்துக்கிட்டு எழுத ஒண்ணுமில்லன்னு சொல்லாத."

என் வேலை இது. டோர்ன்பாக் கார் தொழிற்சாலையில் ஒலியறை என்று ஓர் அறை உண்டு. கார்க் கதவைச் சாத்தும்போது எழும் சத்தத்துக்கு அங்கே பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள். போடுவது கெர்லிண்டே. எழுதுவது நான்.

வகுப்பில் இதைச் சொன்னதும் சிரித்தார்கள். சொந்தமாக டோர்ன்பாக் கார் வைத்திருந்த இருவர் மட்டும் சிரிக்கவில்லை.

2.

முதல் தொடக்கம்: "1911ஆம் ஆண்டில் ஒரு பனிக்காலக் காலையில், அடுப்பு செய்து விற்றுவந்த டோர்ன்பாக் சகோதரர்கள் இருவரும் தங்கள் பட்டறையில்"

இதற்குமேல் போகவில்லை. கம்பெனியின் நூற்றாண்டு மலர் இப்படித்தான் தொடங்குகிறது. எங்கள் ஊரில் அந்த மலர் இல்லாத வீடு இல்லை, அதைப் படித்த ஆளும் இல்லை. நான் இரண்டு முறை படித்தேன். சகோதரர்களின் அடுப்புக் கதவு இறுக்கமாகச் சாத்திக்கொள்ளும், இண்டு இடுக்கில் புகை கசியாது, அதனால்தான் பெயர் வந்தது என்று அதில் இருக்கிறது. முந்நூறு பக்க மலரில் இரண்டாம் உலக யுத்த வருடங்களுக்கு ஒரே ஒரு வாக்கியம்: "அந்த ஆண்டுகளில் உற்பத்தி வேறு தேவைகளுக்குத் திருப்பப்பட்டது." திருப்பியது யார், யாரைப் பிடித்து வந்து இயந்திரங்களுக்கு முன்னால் நிறுத்தினார்கள் என்பதெல்லாம் இல்லை. அடுத்த வரியிலேயே 1949, புது மாடல், பூங்கொத்தோடு மேயர். [இதைத் தனிக் கதையாக எழுத வேண்டும். எனக்கு அந்தத் தகுதி உண்டா என்று நாட்குறிப்பில் நான்கு முறை கேட்டிருக்கிறேன். பதில் எழுதவில்லை.]

இரண்டாம் தொடக்கம்: ஐம்பதுகளில் டோர்ன்பாக் விற்பனையாளர்களுக்கு ஒரு விதி இருந்தது. வாங்க வந்தவரிடம் இஞ்சினைப் பற்றிப் பேசக் கூடாது. கதவைத் திற, சாத்து, வாயை மூடிக்கொள். மிச்சத்தைக் கதவு பார்த்துக்கொள்ளும். அந்தச் சத்தம் எப்படி இருக்குமென்றால், கனமான ஒரு புத்தகத்தை மெத்தைமேல்

இல்லை. 'தப்' என்று எழுதினேன், அடித்தேன். 'தொம்' என்று எழுதினேன். அது பூசணிக்காய் விழுவதுபோல இருந்தது. அறுபது வருடமாக நாடே நம்பிய ஒரு சத்தத்தை எழுத எனக்கு எழுத்து அகப்படவில்லை.

மூன்றாம் தொடக்கத்தைத் தவிர்க்கத்தான் பார்த்தேன். ஏழு வருடத்துக்கு முன், சோதனைக்கு நிறுத்தும்போது மட்டும் குறைவாகப் புகைவிடும்படி எங்கள் இஞ்சின்கள் பழக்கப்படுத்தப்பட்டிருந்தது வெளியே வந்தது. புகை கசியாத கதவால் பெயர் வாங்கிய கம்பெனி. ஊரே ஒரு வருடம் தலைகுனிந்துகொண்டே ரொட்டி வாங்கியது. பிறகு, எங்கள் ஊர் வழக்கப்படி, விதி போட்டார்கள். எல்லா அளவையும் மையில் எழுத வேண்டும். அடித்துத் திருத்தக் கூடாது. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் முழுச் சோதனையும் செல்லாது. எழுதுவதற்கென்று தனியாக ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் நான். கம்பெனிக்கு வெட்கம் வந்திருக்காவிட்டால் எனக்கு வேலை வந்திருக்காது.

3.

கெர்லிண்டே ஹாப். ஐம்பத்தோரு வயது. பத்தொன்பது வருடம் இருக்கை உறை தைக்கும் பிரிவில் இருந்தார். ஒருநாள் பக்கத்தில் யாரோ சாத்திய கதவைக் கேட்டுவிட்டு, தையலை நிறுத்தாமலே, உள்ளே அட்டை ஒட்ட மறந்துவிட்டார்கள் என்றாராம். பிரித்துப் பார்த்தார்கள். ஒட்டவில்லை. கதவுத் தகட்டின் உட்பக்கம் தடிமனான ஒரு தார் அட்டை ஒட்டுவார்கள். தகரம் தகரம்போலச் சத்தமிடாமல் இருப்பது அதனால்தான். அடுத்த மாதமே அவரை ஒலியறைக்கு மாற்றினார்கள்.

ப்ரோன்னர் இந்தப் பத்தியின் ஓரத்தில் "நம்பும்படி இல்லை, ஒரு குறை கொடு" என்று எழுதியிருக்கிறார். குறைக்கு நான் கற்பனை செய்ய வேண்டியதில்லை. கெர்லிண்டே தன் வெண்ணெய் தடவிய ப்ரெட்செல் ரொட்டியை என் மேசை இழுப்பறையில் வைப்பார், உப்புக்கல் படிவங்களில் உதிரும். மாடி வீட்டுக்காரர் தன் முறை வந்தால் படிக்கட்டைக் கூட்டுவதில்லை என்று வருடத்தில் ஐம்பத்திரண்டு வாரமும் குறை சொல்வார். நான் பழைய டோர்ன்பாக் ஒன்றை வாங்கியபோது ஒரே ஒருமுறை கதவைச் சாத்திவிட்டு, எங்கேயோ இடித்துத் தட்டி நிமிர்த்திய வண்டி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது உண்மை. அவரால் தாங்க முடியாதது ஒன்றுதான். தான் தவறுவது.

என் குறையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடமாக அந்த அறையில் உட்காருகிறேன். ஒரு கதவுக்கும் இன்னொரு கதவுக்கும் எனக்கு வித்தியாசம் கேட்டதே இல்லை. கெர்லிண்டேவுக்கு இது தெரியும். "உனக்குக் காது இல்ல, கை இருக்கு. எழுது."

4.

நவம்பரில் நடந்தது. வசந்தத்தில் புது மாடல் வருகிறது. அதற்கு முன் ஒலியறைச் சோதனை. ஐந்து இரும்புச் சட்டங்களில் ஐந்து கதவுகள், எல்லாவற்றுக்கும் சாம்பல் நிறத் துணி. எது எந்தக் கம்பெனிக் கதவு என்பது ஒட்டிய உறைக்குள். கெர்லிண்டேவின் கண்ணைக் கட்டியாகிவிட்டது. பிரிவுத் தலைவர் டாக்டர் கேஸ்லர் நேரில் வந்திருந்தார். ['டாக்டர்' என்பதை ஒருமுறை விட்டுவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதனால் கதையிலும் விடமாட்டேன்.]

முதல் கதவு ஆறு. இரண்டாம் கதவைச் சாத்தியதும் கெர்லிண்டே முகம் தெளிந்தது. ஒன்பது என்றார். "இது நம்மது. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்." மூன்றாம் கதவு ஐந்து. "எவனோ நம்மளப் பாத்து காப்பியடிச்சிருக்கான். பாவம், அரைகுறையா."

நான் முறைப்படி வேலை செய்பவள். இரண்டு வாக்கியங்களையும் 'குறிப்புகள்' கட்டத்தில், மையில், அப்படியே எழுதினேன்.

மற்ற இரண்டையும் முடித்து, கண்கட்டை அவிழ்த்துவிட்டு கெர்லிண்டே கையெழுத்துப் போட்டார். டாக்டர் கேஸ்லர் உறையைப் பிரித்தார். ஒருமுறை படித்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இன்னொருமுறை படித்தார். இரண்டாம் கதவு, எங்கள் கார் விலையில் பாதிக்குக் கார் விற்கும் வெளிநாட்டுக் கம்பெனியுடையது. மூன்றாம் கதவு எங்கள் புது மாடல்.

கெர்லிண்டே இரண்டாம் கதவின் துணியைத் தூக்கிப் பார்த்தார். மூன்று முறை சாத்தினார். பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

காரணம் நான்கு நாளில் தெரிந்தது. காருக்கு நான்கு கிலோ எடை குறைக்க வேண்டும் என்று எங்கள் ஆட்கள் தார் அட்டையைப் பாதி மெல்லியதாக்கியிருந்தார்கள். அந்த வெளிநாட்டுக்காரர்கள் எங்கள் பழைய கார் ஒன்றை வாங்கி, ஆணி ஆணியாகப் பிரித்துக் கற்றுக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்துக் காப்பியடித்தவர்கள், அரைகுறையாக, நாங்கள்தான்.

[கதையை இங்கேயே முடிக்கலாம், அழகாக இருக்கும் என்றார் ப்ரோன்னர். முடித்தும் பார்த்தேன். ஆனால் திங்கட்கிழமை வந்தது.]

5.

திங்கட்கிழமை டாக்டர் கேஸ்லர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பொய் சொல்லுங்கள் என்று அவர் சொல்லவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை, அதையும் எழுதியாக வேண்டும். சொந்தக் கதவையே அடையாளம் தெரியாத காதை வைத்துக்கொண்டு அறை எதற்கு, ஒரு கருவி போதும் என்று மேலே கேட்பார்கள் என்றார். படிவம் செல்லுபடியானால் ஒலியறையை மூடுவார்கள், ஃப்ராவ் ஹாப், அதாவது கெர்லிண்டே, தையலுக்குத் திரும்புவார். ஏதாவது காரணத்தால் செல்லாமல் போனால் விதிப்படி மறுசோதனை, அப்போது எல்லோரும் நிதானமாகக் கேட்கலாம். என் பக்கம் திரும்பி, "படிவத்துல குறை ஏதும் இருக்கான்னு பாத்துட்டு புதன்கிழமை கொடுங்க, ஃப்ராவ் லாங்" என்றார்.

பார்த்தேன். 'அறை வெப்பநிலை' கட்டம் காலி.

இரண்டு வருடத்தில் ஒரு கட்டத்தையும் நான் காலியாக விட்டதில்லை. அன்றைய நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். வானிலை, உறைபனி. மதியம், பருப்பும் ஷ்பெட்ஸ்லே நூடுல்ஸும். நடந்தது, ஒன்றரைப் பக்கம். அறை குளிர்ந்திருந்தது, கெர்லிண்டே கோட்டைக் கழற்றவில்லை என்றுகூட இருக்கிறது. எத்தனை டிகிரி என்று இல்லை. 'நடந்ததைப் பற்றிய சந்தேகம்' என்ற தலைப்பின் கீழே அன்றைக்கு மட்டும் ஒன்றுமில்லை. மறந்தேனா, விட்டேனா? உறையைப் பிரித்தபோது பேனா என் கையில்தான் இருந்தது. அதற்குமேல் எனக்கும் தெரியாது.

இருபது என்று போட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு பொய் எண், அதைக் கொண்டு உண்மையான ஐந்து மதிப்பெண்களும் நிற்கும், கெர்லிண்டே தையலுக்குப் போவார். காலியாக விட்டால் நான் நேர்மையானவள், அவர் மறுசோதனையில் பொய் சொல்லிப் பிழைத்துக்கொள்ளலாம். இதை நான் கற்பனை செய்திருந்தால் ப்ரோன்னர் அடித்துவிட்டிருப்பார்.

செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. வேலை முடிந்ததும் கெர்லிண்டேவிடம் படிவத்தைக் காட்டினேன். காலிக் கட்டத்தின்மேல் விரலை வைத்தார்.

"அன்னைக்கு எத்தன டிகிரி?"

"தெரியாது."

"அப்ப அதோட விடு."

இருபது என்று போட்டால் முதல் சோதனையின் மதிப்பெண்களே நிற்கும் என்றேன்.

"தெரியாததை எழுதித்தானே ஏழு வருஷம் முன்னாடி நாறினோம்? வைக்கட்டும், சோதனைய மறுபடி வைக்கட்டும்."

"இப்பத்தான் எது எந்தக் கதவுன்னு உங்களுக்கே தெரியுமே. இனிமே கண்ணக் கட்டி என்ன ஆகப்போகுது?"

"கண்ணக் கட்டிக்கிட்டு உண்மையச் சொல்றது பெரிய காரியமா? எது யாருதுன்னே தெரியாதவன் பயப்படறதுக்கு என்ன இருக்கு?" ப்ரெட்செலைப் பிய்த்து எனக்குப் பாதி கொடுத்தார். "ஒன்பது போட்டது தப்பில்ல மரைக்கே. அஞ்சு போட்டதும் தப்பில்ல. நல்லா இருந்ததும் 'நம்மது'ன்னு சொன்னேன் பாரு, அதுதான். நல்லா இருந்தா அது நம்மதாத்தான் இருக்கணும்னு என் வாய்க்கே பழகிப்போச்சு."

தையலுக்குப் போக வேண்டி வந்தால் என்றேன்.

"தையல் என்ன ஜெயிலா?" என்றார். மென்று முடித்தபின், "ஆனா போக இஷ்டமில்ல" என்றார்.

கட்டத்தைக் காலியாகவே விட்டுக் கொடுத்தேன். டாக்டர் கேஸ்லர் வருத்தப்படுவதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, சோதனை செல்லாது என்று எழுதினார்.

6.

வகுப்பில் கிடைத்த முடிவுகள்:

அ) ப்ரோன்னருடையது. கெர்லிண்டே மறுபடி ஐந்து போடுகிறார், கண்கட்டை அவிழ்த்து மேசையில் வைக்கிறார், வெளியே போகிறார். கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது. [ஒலியறைக் கதவு கைப்பிடியைத் திருகினால்தான் சாத்திக்கொள்ளும். ஆனாலும் குறித்துக்கொண்டேன்.]

ஆ) வருமானவரி அலுவலகத்தில் ஓய்வு பெற்ற ஒருவருடையது. எட்டு போடுகிறார். யாரும் சாகவில்லை. எல்லோரும் கேண்டீனுக்குப் போகிறார்கள். வாழ்க்கை இதுதான் என்றார். வகுப்பில் யாரும் மறுக்கவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

இ) என்னுடையது. மறுசோதனைக்கு முன் கெர்லிண்டே கண்கட்டை டாக்டர் கேஸ்லரிடம் நீட்டி, இந்த முறை நீங்கள் கேளுங்கள் என்கிறார். அவர் கட்டிக்கொள்கிறார். முதல் கதவு. இரண்டாம் கதவு. அவர் முகம்

இதை முடிக்கவில்லை. அவர் கட்டிக்கொள்ள மாட்டார்.

7.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணி. வெப்பநிலையை முதலில் எழுதினேன், இருபது புள்ளி நான்கு. கதவுகள் அதே வரிசையில் இருந்தன. மாற்ற வேண்டும் என்று விதியில் இல்லை. கெர்லிண்டேவின் கண்ணை நான்தான் கட்டினேன். போன முறையைவிட இறுக்கமாகக் கட்டச் சொன்னார்.

முதல் கதவுக்குப் பழைய ஆறு. இரண்டாம் கதவுக்குப் பழைய ஒன்பது, இந்த முறை யாருடையது என்று சொல்லவில்லை. டாக்டர் கேஸ்லர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மூன்றாம் கதவை கெர்லிண்டே ஒரே ஒருமுறை சாத்தினார். எனக்குக் கேட்டது. இரண்டு வருடத்தில் முதல்முறையாக, முந்தைய கதவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கே கேட்டது. பூசணிக்காயும் இல்லை, புத்தகமும் இல்லை. கனமானதுபோல நடிக்கும் ஒரு லேசான பொருள்.

கெர்லிண்டே கதவுச் சட்டத்தின்மேல் கை வைத்து நின்றார். பிறகு ஓர் எண்ணைச் சொன்னார். எழுதினேன். டாக்டர் கேஸ்லர் என் தோளுக்குப் பின்னால் வந்து அந்த எண்ணை வெகுநேரம் பார்த்தார். "எழுத்து தெளிவா இருக்கு" என்றார். எங்கள் பக்கத்து மனிதர்கள் மகிழ்ந்தாலும் இதைத்தான் சொல்வார்கள், உடைந்தாலும் இதைத்தான் சொல்வார்கள்.

அந்த எண்ணை இங்கே எழுதப்போவதில்லை. ஐந்து என்று எழுதினால் இப்படி ஒருத்தி இருக்க முடியாது, நீ செய்த பொம்மை என்பீர்கள். எட்டு என்று எழுதினால் எங்களுக்கு முன்பே தெரியும் என்பீர்கள், தெரியும் என்பதில் ஒரு சந்தோஷமும் இருக்கும் உங்களுக்கு. இரண்டுக்கும் நான் இடம் கொடுக்கமாட்டேன். அவர் சொன்னது சரியா இல்லையா என்று என் காதாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டவள் நான். அது எனக்குப் போதும்.

உங்களுக்குப் போதாது என்றால், வீட்டு வாசலில் யாருடைய காராவது நிற்கும். போய், அதன் கதவை ஒருமுறை திறந்து சாத்திப் பாருங்கள். பத்துக்கு எத்தனை என்று போடுங்கள். எந்தக் கம்பெனி என்று பார்க்காமல் போட முடிகிறதா என்று பாருங்கள்.