ஜூன் மாதத்துக் கலியாணம்

மேபல் வீட்டில் காலத்தைச் சொல்லக் கலண்டர் தேவைப்பட்டதில்லை. தையல் மெஷின் வாங்கியது கலவரத்துக்கு முதல். மகள் றஷ்மி பிறந்தது கலவரத்துக்குப் பிறகு. பின்னர் சுனாமி, ஈஸ்டர் குண்டு, கொரோனா என்று எத்தனையோ வந்தாலும், தமிழர்களின் வீடுகளை எரித்த எண்பத்துமூன்று ஜூலைக் கலவரந்தான் பெரிய மதில்.

மேபலின் கலியாணம் அதற்கு முந்திய ஜூனில் நடந்தது. அடுத்த மாதமே கொழும்பு வெள்ளவத்தையில் இருந்த வீடு எரிந்தது. கலியாணப் படங்கள் இருந்த ஸ்டூடியோவும் எரிந்தது. வெளியே போன அண்ணன் கிறிஸ்ரி திரும்பி வரவேயில்லை. கொட்டாஞ்சேனைக்குக் குடிவந்த பிறகு, ஒவ்வொரு ஜூலையும் தேவாலயத்தில் அண்ணனுக்கு, இறந்தவர்களுக்கான ஆன்ம இளைப்பாற்றிப் பூசை ஒப்புக்கொடுத்தார்கள். ஜூனை யாரும் நினைக்கவில்லை. சொந்தக்காரருக்கு அவர்கள் "கலவர வருஷத்துச் சோடி."

இந்த வருஷம் மேபல் கணவரிடம் வாய்விட்டுக் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, கண்ணை மூடுறதுக்கு முதல் ஒருக்காவாவது எங்கட நாளுக்கு நன்றிப் பூசை ஒண்டு குடுப்பமே?"

வலன்ரைன் அன்றைக்கே கோயில் அலுவலகத்தில் பெயர்களைக் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த நாள் காலை, புது நீலச் சேலையில் முன்வரிசை வாங்கில் இருந்தாள் மேபல். பூசை தொடங்குமுன் வாசித்தார்கள்: "வலன்ரைன், மேபல் ஆகியோரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக."

வலன்ரைனுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமும் அந்த அலுவலகத்தில் அண்ணனுக்காகச் சொல்லிப் பழகியதையே நாக்கு தன்பாட்டில் சொல்லியிருந்தது.

பூசை முடிந்து வரும்போது வாசலில் பக்கத்து வீட்டு யூஜினா இருவரையும் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு ஆத்துமாவும் நல்லா உடுத்துக்கொண்டுதான் வந்திருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். மேபலுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஒரு நாளையும் ஜூலை எடுத்துக்கொண்டுவிட்டது.

வலன்ரைன் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, யாரும் கேட்காமலே, யூஜினாவிடம் சொல்லத் தொடங்கினார். கடற்கரைப் பக்க வீட்டில் விருந்து நடக்கையில் ரயில் போக, மேசையில் கிளாஸெல்லாம் ஆடியதை. காரில் ஏறும்போது மேபலின் முக்காடு கதவில் மாட்டிக் கிழிந்ததை.

கூட வந்திருந்த றஷ்மி இதையெல்லாம் கேள்விப்பட்டதேயில்லை. "இது எப்ப டடி?"

"கலவரத்துக்கு..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். "எங்கட கலியாணத்தண்டு. மகள், கலவரம் அதுக்குப் பிறகுதான் வந்தது."

"கதவில மாட்டேல்லை," என்றாள் மேபல். "கிறிஸ்ரியண்ணை சப்பாத்தால மிதிச்சவர். மிதிச்சுப்போட்டு, என்னையே ஏசினவர், ஏன் இவ்வளவு நீளமாத் தைச்சனீ எண்டு."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யூஜினா அவள் கையைப் பிடித்து இழுத்து, பிறகென்ன நடந்தது என்று கேட்டாள்.