வெறுமனே திரும்பிய டப்பா

ஒன்பது வருஷம் பழகின இரண்டு பேர் சண்டை சச்சரவில்லாமல் பிரிவது லேசுப்பட்ட காரியமில்லை. மிரேயும் கிசோக்கும் அதைச் செய்துவிட்டார்கள். கிசோக்குக்கு உல்சானில் கப்பல் கட்டும் வேலை, மிரேவுக்குக் குன்சான் நூலகத்தில். வாரம் ஒருமுறை வந்தவன் மாதம் ஒருமுறை வர ஆரம்பித்தான். வந்தாலும் பேச விஷயம் தேட வேண்டியிருந்தது. யார்மேலும் தப்பில்லை. அக்டோபரில் ஒருநாள், "போதும்னு தோணுதா?" என்று இவள் கேட்டாள். "உனக்கும் அப்படித்தானா?" என்றான் அவன். அவ்வளவுதான்.

இந்த ஞாயிறு மத்தியானம் தன் குளிர்கோட்டையும் புத்தகங்களையும் எடுத்துப் போக வந்தான். கையில் சிவப்பு மூடி போட்ட பெரிய டப்பா. அது எங்கிருந்து வந்ததென்று மிரேவுக்குத் தெரியும். இக்சானில் இருக்கும் அவன் அம்மா நவம்பர் பிறந்தால் கூடை கூடையாக முட்டைக்கோஸ் வாங்கி, உப்பும் மிளகாயும் தடவிப் புளிக்கவைக்கும் கிம்ச்சி ஊறுகாய் போடுவாள். முதல் டப்பா இவளுக்குத்தான். இவளும் அதைக் கழுவி, ஒரு வருஷம் பேரிக்காய், ஒரு வருஷம் நெத்திலிக் கருவாடு என்று நிரப்பித்தான் திருப்பி அனுப்புவாள். வெறும் டப்பாவைத் திருப்பித் தருவது அங்கே யார் வீட்டிலும் கிடையாது.

"நீ இன்னும் அம்மாகிட்ட சொல்லலையா?"

அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான். "மூணு நாளா இடுப்பு ஒடிய வேலை செஞ்சாங்க. மிரேவுக்குப் பிடிக்கும்னு முள்ளங்கி வேற தனியா போட்டாங்க. எந்த வாயால சொல்றது?"

"இவ்ளோ பெரிய கப்பல் கட்டுற, ஒரு வார்த்தை சொல்ல வரலையாக்கும்."

"நீ வழக்கம்போல ஏதாவது போட்டுக் குடுத்துடு. அடுத்த மாசம் சொல்லிக்கறேன்."

அடுத்த மாசமாம். இந்த மனுஷனின் அடுத்த மாசங்களை நம்பித்தானே ஒன்பது வருஷம் ஓடிப்போனது. கிம்ச்சியே வேண்டாமென்றால் அந்த அம்மாவின் உழைப்பை உதறித் தள்ளினதாகும். பேரிக்காய் போட்டு அனுப்பினால் அது பச்சைப் பொய். அடுத்த நவம்பரும் டப்பா வந்து நிற்கும்.

மிரே கிம்ச்சியைத் தன் பாத்திரங்களில் மாற்றினாள். டப்பாவை வாசனை போகக் கழுவி, துடைத்து, மூடி அவன் கையில் கொடுத்தாள்.

வாங்கினவன் முகம் மாறியது. "வெறுமனேவா? அம்மா கேப்பாங்களே."

"கேக்கட்டும். அப்ப சொல்லிடு. என்னைப் பத்தி நல்லபடியா சொல்லு. உன்னைப் பத்தியும் நல்லபடியாவே சொல்லு."

அவன் கோட்டையும் புத்தகங்களையும் எடுத்துக்கொண்டான். பிறகு, "உடம்பைப் பாத்துக்க" என்றான். அவள் அழவில்லை. கதவைச் சாத்தின பிறகும் அழவில்லை. கோட்டு தொங்கின ஆணி மட்டும் சுவரில் இருந்தது. வீடு என்னவோ பெரிசாகிவிட்டது.

பொழுது சாயும்போது போன் அடித்தது. அவன் அம்மா.

"டப்பா வந்துச்சும்மா. அவன் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே எனக்குப் புரிஞ்சுபோச்சு."

"மன்னிச்சுடுங்கம்மா."

"உன்னை எதுக்கு மன்னிக்கணும்? நீ வெறுமனே அனுப்பலேன்னா இவன் என்னைக்குச் சொல்லியிருப்பான்? அந்த முள்ளங்கியை ரெண்டு நாள் வெளியில வச்சுட்டு அப்புறம் ஃபிரிட்ஜ்ல வை. இல்லேன்னா புளிக்காது."

"சரிம்மா."

"தனியா இருக்கோம்னு நின்னுக்கிட்டே சாப்பிடாத."

மிரே அப்போது நின்றுகொண்டுதான் இருந்தாள், கையில் சோற்றுக் கிண்ணத்தோடு. போனை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். முள்ளங்கி இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. அழுதுகொண்டே இரண்டு துண்டு தின்றாள். மிச்சத்தை மூடி வெளியில் வைத்தாள்.